புன்னைக்காயலில் ஒரு பயிற்சி ஆசிரியர்

 கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவனாக இருக்கிறான். "டீச்சர், கிளாஸ் வெச்சா ஆளே அனுப்ப மாட்டேங்காங்க. லைன்ல நிக்கிற ஆள உனக்கு அனுப்பிட்டா உற்பத்திய யாரு பாப்பான்னு மேனேஜர் கேக்காரு. மேல உள்ளவங்க துட்டு ஒதுக்க யோசிக்காங்க. வந்து உக்காருதவன் தூங்குதான். நீங்க எப்படி டீச்சர் நாப்பது பிள்ளைகளக் கட்டி மேய்ச்சீங்க?" என்று கேட்டான்.

பிள்ளைகளை உட்கார வைப்பது வேறு, வேலைக்கு வந்துவிட்ட பெரியவர்களைப் படிக்க வைப்பது வேறு. பெரியவர்களுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதே கஷ்டம். அதற்கு மேலே ஓர் அதிகாரி, பக்கத்தில் ஒரு போட்டியாளர், செலவுக்கு ஒரு கணக்கர் என்று எல்லாரும் இருப்பார்கள். இவர்கள் அத்தனை பேரையும் தன் பக்கம் இழுத்த ஒருவர் நம் கடற்கரையிலேயே ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஆதிச்சநல்லூர் என்றதும் எல்லாருக்கும் பரம்பும் தாழியும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஆறுதான் முதலில். நம் ஊரை ஒட்டிப் போகிற தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி, ஆத்தூர் பக்கம் போய், புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. அந்த முகத்துவாரத்து ஊரில்தான் நான் சொல்லப்போகிறவர் இருந்தார். பெயர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். நம் மக்கள் வாயில் அது அண்டிரிக் அடிகளார் ஆகிவிட்டது.

முதலிலேயே ஒன்று. இதை நான் மத விஷயமாக எழுதவில்லை. அவர் வந்தது மதம் பரப்பத்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. அவர் மற்றவர்களுக்கு ஒரு மொழியைக் கற்பிக்க என்ன பாடுபட்டார், யார் யார் ஆதரவை எப்படிப் பெற்றார் என்பதை மட்டும் ஓர் ஆசிரியையின் கண்ணால் பார்க்கிறேன்.

முத்துக்குளித்துறை என்று சொல்லப்பட்ட நம் கரையில் 1530களின் நடுவில் பரதவ மக்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடி மொத்தமாகக் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள். ஆனால் அவர்களுக்கு எதையும் சொல்லிக் கொடுக்க, தமிழ் தெரிந்த பாதிரியார் கிடையாது. 1542இல் வந்த சவேரியார் தமிழும் போர்த்துகீசியமும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்களைப் பிடித்து ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, தான் இல்லாதபோது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

அந்தக் கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்த்துகல் ராணி காத்தரீனின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் பணம் போய்க்கொண்டிருந்தது. அதை இங்கேயே நிறுத்தி ஆசிரியர் சம்பளத்துக்குத் தரும்படி சவேரியார் கேட்டு வாங்கினார். பயிற்சிக்கு நிதி இல்லை என்று அழுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புதிதாகப் பணம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. ஏற்கெனவே இந்த ஊரிலிருந்து போகிற பணத்தை, ராணியே மறுக்கக் கூச்சப்படுகிற ஒரு காரியத்துக்குத் திருப்பினார்.

ஆனாலும் சவேரியார் ஓரிடத்தில் நிற்கிறவர் அல்ல. மலாக்கா, ஜப்பான் என்று போய்விட்டார். மனப்பாடம் பண்ணிய ஜெபத்தைச் சொல்லலாம்; மக்கள் எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. நடுவில் துபாசி வேண்டும். துபாசி என்ன சொல்கிறான் என்பது அவனுக்கும் கேட்பவனுக்கும் மட்டும்தான் வெளிச்சம். இந்த நிலையில்தான் அண்டிரிக் வந்து சேர்ந்தார்.

அவர் 1520இல் போர்த்துகலில் வீலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். யூத வம்சாவளி. அந்தக் காலத்துப் போர்த்துகலில் அது பெரிய குறை. முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார், வம்சாவளி தெரிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு 1545இல் இயேசு சபையில் சேர்ந்து, அடுத்த வருடமே கோவாவுக்குக் கப்பல் ஏறினார். தன் சபையிலேயே தன் இடம் உறுதியில்லாத மனிதர் அவர். பெரிய குடும்பம், பெரிய படிப்பு, மேலிடத்துச் சிபாரிசு எதுவும் கையில் கிடையாது. என் மாணவனுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். "உனக்காவது ஒரு விசிட்டிங் கார்டு இருக்குலே" என்றேன்.

1547இல் நம் கரைக்கு வந்தவர் முதலில் துபாசியை வைத்துத்தான் வேலை பார்த்தார். பிறகு தானே படிக்க உட்கார்ந்தார். அகராதி இல்லை. வெளிநாட்டவர் படிக்கிற மாதிரி இலக்கணப் புத்தகம் இல்லை. நம் நன்னூல் எல்லாம் தமிழ் தெரிந்தவனுக்குத்தானே! அவர் தனக்குத் தெரிந்த லத்தீன் இலக்கணத்தின் கட்டத்தை எடுத்து, அதில் தமிழ் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். நான் போனேன், நீ போனாய், அவன் போனான் என்று நாம் ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்போமே, அதை அவர் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சில மாதங்களிலேயே பேசத் தொடங்கிவிட்டார்.

அவர் கடிதங்களில் ஒரு செய்தி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கோயிலில் அவர் தமிழில் பேசுவாராம். பக்கத்தில் ஒருவர் நின்று அதையே திரும்பவும் தமிழில் சொல்வாராம். தமிழுக்குத் தமிழிலேயே துபாசி! உச்சரிப்பு சரியாக வராத நாட்களில், மக்களுக்கு நன்றாகப் புரியவேண்டும் என்று செய்த ஏற்பாடு. யோசித்துப் பாருங்கள். குருவானவர், அதிகாரத்தில் இருக்கிற வெள்ளைக்காரர், ஊர் முழுக்கக் கேட்க, "இவர் பேசுவது சரியாக விளங்காது, நான் சொல்கிறேன்" என்று ஒரு பரதவர் தன் பேச்சைத் திருத்திச் சொல்ல அனுமதிக்கிறார். நம்மில் எத்தனை தலைமை ஆசிரியர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள்? எனக்குத் தெரிந்து கையெழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு.

அவர் கற்றதும் புலவர் தமிழ் அல்ல. கடற்கரைப் பேச்சு. அவர் எழுதிய இலக்கணத்தில் அந்தக் காலத்து மக்கள் பேசிய வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. நம் முன்னோர் வீட்டுக்குள் எப்படிப் பேசினார்கள் என்று ஏட்டுச்சுவடிகள் சொல்லாததை அது சொல்கிறது.

மேலிடத்து ஆதரவு எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1549 ஜனவரியில் கொச்சியிலிருந்து சவேரியார் ரோமில் இருந்த சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இவரைப் பற்றி உயர்வாகக் குறிப்பிடுகிறார். இவருக்கு உள்ளூர் மொழி பேசவும் எழுதவும் தெரியும், இரண்டு ஆள் வேலையைச் செய்கிறார், மக்கள் இவர்மேல் மிகுந்த பிரியம் வைத்திருக்கிறார்கள் என்பது சாரம். இந்த மூன்றும் மேலே உள்ளவருக்குப் புரிகிற கணக்கு. தமிழின் இனிமையைப் பற்றி ரோமுக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் வேலை நடக்கிறது என்றால் எந்த முதலாளிக்கும் காது கேட்கும்! அண்டிரிக்கும் விடாமல் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். கப்பல் போய்ப் பதில் வர ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும். ஆனாலும் எழுதினார்.

அதே 1549இல் வேதாளையில் நடந்த சண்டையில் இந்தக் கரையின் தலைவராக இருந்த அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்டார். அடுத்து அண்டிரிக் பொறுப்புக்கு வந்தார். பதவி வருவதற்கு முன்னேயே அவருக்குத் தமிழ் வந்துவிட்டது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பதவி வந்தபிறகு "எல்லாரும் தமிழ் படியுங்கள்" என்று உத்தரவு போட்டபோது, "முதலில் நீ படி" என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

உத்தரவு கடுமையானதுதான். பாதிரியார்கள் தங்களுக்குள் பேசும்போதும் தமிழில்தான் பேச வேண்டும். மீறினால் தண்டனை உண்டு. இந்தக் காலத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் தமிழில் பேசினால் அபராதம் போடுகிறார்களே, அதற்கு நேர் எதிர். 470 வருடத்துக்கு முன் நம் புன்னைக்காயலில் போர்த்துகீசியம் பேசினால் தண்டனை! (எனக்கு அபராதத்தில் எப்போதும் நம்பிக்கை இல்லை. ஆனால் இதைப் படித்தபோது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.) வெறும் தண்டனையோடு அவர் நிற்கவில்லை. புதிதாக வருகிறவன் தன்னைப்போல் தட்டுத் தடுமாற வேண்டாம் என்றுதான் அந்த இலக்கணத்தையே எழுதினார். கையில் கருவியைக் கொடுத்துவிட்டுத்தான் கண்டிப்பைக் காட்டினார்.

இந்த இடத்தில் நம் அனுபவம் ஒன்று. செயல்வழிக் கற்றல் வந்த காலம் என் வயது ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்கள் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார். ஆசிரியர்களை ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் உள்ள ரிஷி வேலிக்கு அனுப்பி, அங்கே கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிப்பதைக் கண்ணால் பார்க்கச் செய்தார். பார்த்துவிட்டு வந்த ஆசிரியர்கள்தான் மற்ற ஆசிரியர்களுக்குச் சொன்னார்கள். பிறகு 2007-08இல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்தது. ஏணி, அட்டைகள், தாழ்வான கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் 13 பள்ளி ஆசிரியர்கள் பார்த்ததை ஒரு மாநிலமே போய்ப் பார்க்க முடியுமா?

எங்கள் வட்டாரத்துப் பயிற்சியில் முதல் நாள் ஒரே சலசலப்பு. இன்னும் இரண்டு வருடத்தில் ரிட்டயர்டு ஆகவேண்டிய ஒரு அண்ணாச்சி எழுந்து, "தம்பி, நீங்க சொல்றதெல்லாம் சரி. என் வகுப்புல முப்பத்தெட்டுப் பிள்ளைக. ஒரு நாள் வந்து நடத்திக் காட்டுங்க. அப்புறம் நான் கேக்கேன்" என்றார். அந்த இளம் ஆசிரியர் பயிற்றுநர் கோபப்படவில்லை. மறுவாரம் போய் மூன்று நாள் அந்த வகுப்பில் தரையில் உட்கார்ந்து நடத்தினார். முதல் நாள் வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டதாம். மூன்றாம் நாள் பிள்ளைகள் தாங்களாக அட்டையை எடுத்து, தட்டைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். அடுத்த பயிற்சியில் அந்த அண்ணாச்சியே எங்களிடம், "ஏய், கேளுங்க. அந்தப் பையனுக்கு விஷயம் தெரியுது" என்றார். அதற்குப் பிறகு யாரும் சலசலக்கவில்லை.

பெற்றோர் கதை வேறு. "புஸ்தகம் வீட்டுக்கு வரல, வீட்டுப்பாடம் இல்ல, பள்ளிக்கூடத்துல விளையாட்டுதான் நடக்கு" என்று அவர்கள் கேட்டது நியாயம்தான். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. என் கருத்தில் அந்தத் திட்டம் பிற்பாடு வலுவிழந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆசிரியருக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தவர்கள் தாய் தகப்பனுக்கு அரைமணி நேரம் ஒதுக்கவில்லை. அவரவர் பள்ளியில் அவரவர் சமாளித்தோம்.

அண்டிரிக் அந்தப் பக்கத்தை விடவில்லை. அவருடைய 'தாய் தகப்பன்' முத்துக் குளிக்கிற மக்கள். போர்த்துகீசியத் தளபதிகள் அந்த மக்களிடம் அடித்த கொள்ளையையும் செய்த அக்கிரமத்தையும் அவர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். தன் நாட்டு அதிகாரிகளைப் பற்றியே எழுதினார். புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை நடத்தினார். அதற்கு மக்களே பணம் கொடுத்தார்கள். 1553இல் எதிரிப்படை புன்னைக்காயலைத் தாக்கியபோது மற்ற போர்த்துகீசியரோடு அவரும் சிறைப்பட்டார். விடுதலையாகி ஊருக்குக் கப்பல் ஏறிவிடவில்லை. இங்கேயேதான் இருந்தார். இப்படிப்பட்டவர் ஒன்று கேட்டால் மக்கள் யோசிப்பார்களா?

அவர் கேட்டது புத்தகம். கணக்கப்பிள்ளைகள் ஊர் ஊராகச் சொல்லிக் கொடுப்பது ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாது. பாதிரியார் இல்லாத ஊரிலும் பாடம் ஒன்றாக இருக்க வேண்டும். ஓலையில் எழுதி எத்தனை பிரதி எடுப்பது? இதற்கு முன் 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் ஜெபப் புத்தகம் அச்சாகியிருந்தது. அதைத் தயாரித்ததே போர்த்துகலுக்குப் போயிருந்த நம் ஆட்கள் மூவர்தான். ஆனால் அது ரோமன் எழுத்தில் இருந்தது. நம் மக்களுக்கு அது எதற்கு உதவும்?

தமிழ் எழுத்திலேயே வேண்டும் என்றால் அச்செழுத்தை முதலில் வார்க்க வேண்டும். 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் கொஞ்சம் எழுத்துகளை வார்த்தார். 1578இல் கொல்லத்தில் ஜோவான் தெ ஃபாரியா வார்த்தார். அந்த வருடம் அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அதுதான். அடுத்த வருடம் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586இல் அறுநூறு பக்கத்துக்கு மேல் வருகிற 'அடியார் வரலாறு'. அது புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது ஆய்வாளர் கருத்து. கோவா, கொச்சி, கொல்லம் எல்லாம் பெரிய பட்டணங்கள். நம் ஆற்று முகத்துவாரத்து மீனவர் ஊர் அந்த வரிசையில் வந்து நிற்கிறது!

செலவு யாருடையது? ரோம் கொடுக்கவில்லை, ராணி கொடுக்கவில்லை. அச்சுக்கான பணத்தை முத்துக்குளித்துறை மக்களே போட்டார்கள். ஆழத்தில் மூச்சடக்கி எடுத்த முத்தின் காசு. முப்பது வருடத்துக்கு முன் அவர் பேச்சைத் தமிழிலிருந்து தமிழுக்குத் திருத்திச் சொன்ன அதே சனங்கள், அவருடைய புத்தகத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். தங்கள் பேச்சில் உள்ள புத்தகம், தாங்கள் திருத்தி வளர்த்த ஆள் எழுதியது. அது அவர்களுடைய புத்தகமாகவே ஆகிவிட்டது.

எல்லாம் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. தமிழ் உயர்படிப்புக்கென்று மன்னாரிலோ புன்னைக்காயலிலோ ஒரு பெரிய கல்விச்சாலை அமைய வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அது கைகூடவில்லை. அவருக்குப் பின் புத்தகம் அச்சடிக்கும் வேகமும் குறைந்துபோனது. நிறுவனமாக ஆகாமல் ஒரு மனிதரின் தோளிலேயே நின்ற காரியங்களுக்கு அப்படித்தான் ஆகிறது. 1600இல் அவர் புன்னைக்காயலில் காலமானார். தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அண்டிரிக் பெயர் நமக்குத் தெரியும். பக்கத்தில் நின்று திருப்பிச் சொன்னவர் பெயர்? ஊர் ஊராகப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த கணக்கப்பிள்ளைகள் பெயர்? லிஸ்பன் புத்தகத்துக்கு உழைத்த மூவரின் பெயர்கூட விசென்தெ, ஜோர்ஜ், தோமா என்று ஞானஸ்நானப் பெயராகத்தான் கிடைக்கிறது. வீட்டில் அவர்கள் அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாளோ! வேலையில் பாதியைச் செய்தது அவர்கள்தான்.

இந்தப் புத்தகங்கள் நம் நாட்டில் மறைந்தே போய்விட்டன. 1950களில் தனிநாயகம் அடிகளார் வெளிநாட்டு நூலகங்களில் தேடிக் கண்டு அவற்றைப் பற்றி எழுதினார். 'அடியார் வரலாறு' 1967இல் இராசமாணிக்கம் அடிகளாரால் தூத்துக்குடியில் மறுபதிப்பு கண்டது. லிஸ்பன் நூலகத்தில் கையெழுத்தாகக் கிடந்த அந்த இலக்கணம், ஜீன் ஹைன் என்ற அம்மையாரும் நம் வி.எஸ். ராஜமும் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் 2013இல் வெளிவந்தது. ராஜம் அம்மா தமிழ்ப் பேராசிரியை. அந்த மனிதர் எழுதிவைத்த கடற்கரைத் தமிழைக் கண்டு அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் ஆத்தூரில் திரும்பினால் புன்னைக்காயலுக்கு ரோடு இருக்கிறது. சாயங்காலமாகப் போங்கள், வெயில் தாழ்ந்திருக்கும். நம் ஆற்றுத் தண்ணீர் கடலோடு கலக்கிற இடத்தில் படகுகள் கரையேறிக் கிடக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.